சோடாவைக் கீழே வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கன்டெய்னர் யார்டில் முதலுதவிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும், யூடியூபில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, நான் என்ன டாக்டரா, போய்த்தான் ஆகவேண்டுமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். நாலு வரிக்குள் இத்தனை சாக்கை அடுக்க உன்னால்தான் முடியும். போய்த்தான் ஆகவேண்டும். ஏன் என்று சொல்கிறேன். பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாமல் கடைசிவரை படி.

108லிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ அதைத்தான் பெரிய துணையாகப் பிடித்திருக்கிறாய். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய வண்டி அது. அதனால் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் நீ நிற்கிற இடத்தைக் கொஞ்சம் யோசி. ஜீரோ கேட்டுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற நாளில் நீயே வேலைக்கு எப்படிப் போய்ச் சேருகிறாய்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை மூடிவிட்டால் எவ்வளவு நேரம் புலம்புவாய்? இதயம் நின்றுபோன ஆளுக்கு மூளை தாங்குவது நாலைந்து நிமிஷம். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் சேதம்தான். ஓட்டுநர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் நாலு நிமிஷத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடந்து உன் யார்டுக்குள் வந்து நிற்க முடியாது. அந்த நேரம் பக்கத்தில் நிற்கிறவன் கையில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் நீ.

கூப்பிடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "எண்ணூர்ல இருக்கோம், சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். எண்ணூர் என்றால் எங்கே? கத்திவாக்கமா, எர்ணாவூரா, அனல்மின் நிலையம் பக்கமா? அஜாக்ஸைத் தாண்டியா, டோல்கேட்டுக்கு முன்னாலா? யார்டு பெயர், எந்த கேட், பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய அடையாளம், ஆள் பேசுகிறாரா, மூச்சு இருக்கிறதா, இவ்வளவையும் நிதானமாகச் சொல். அவர்கள் வைக்கும்வரை நீ வைக்காதே. ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் இரண்டு கையும் உனக்கு மிஞ்சும். பைக் வைத்திருக்கிற ஒரு பையனை மெயின் ரோட்டுக்கு அனுப்பு. பத்து யார்டு வரிசையாக இருக்கிற இடத்தில், ஒரே மாதிரி நீலத் தகரக் கதவுகளுக்கு நடுவில், வழி காட்ட ஒரு ஆள் நின்றாலே எவ்வளவோ நேரம் மிச்சம்.

இனி உன்னைப் பற்றி. உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். யாருக்காவது ஒன்று என்றால் உன்னால் சும்மா நிற்க முடியாது. ஓடுவாய், எதையாவது கொண்டுவருவாய், எதையாவது வாயில் ஊற்றுவாய். அந்த நல்ல மனசுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் சில நிமிஷங்களில் செய்யவேண்டியது கொஞ்சம்தான், செய்யக்கூடாதது நிறைய. நம் பக்கத்தில் ஆட்கள் போவது பாதி நோயால், பாதி அவசரப்பட்டுச் செய்த உபகாரத்தால்.

நெஞ்சுவலியைப் பார். ஐம்பது வயசுக்காரர், கிரேனிலிருந்து இறங்கி வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரு மாதிரி அடைக்குதுப்பா" என்கிறார். நீ என்ன செய்வாய்? "கேஸா இருக்கும்ணே" என்று சொல்லி சோடா வாங்க ஓடுவாய். சோடாவைக் குடித்து ஒரு ஏப்பம் விட்டதும் அவரும் "இப்ப பரவாயில்ல" என்பார். அப்படியே அரை மணி, ஒரு மணி போய்விடும். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறதா, இடது கை, தாடை, முதுகு என்று பரவுகிறதா, சட்டை நனைகிற அளவுக்குக் குளிர்ந்த வியர்வையா, மூச்சு வாங்குகிறதா, கேள். இதில் ஒன்று இருந்தாலும் வாயு என்ற பேச்சையே எடுக்காதே. இன்னொன்று: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் வெறும் அசதியும் வாந்தியும் மூச்சுத் திணறலுமாக மாரடைப்பு வரும். "வலி இல்லையே" என்று நீ சமாதானம் ஆகிவிடுவாய் என்பதால் சொல்கிறேன்.

அவரை உட்காரவை, முதுகுக்குச் சாய்மானம் கொடு, பட்டனைக் கழற்று, 108ஐக் கூப்பிடு. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போகாதே, மாடிப்படி ஏற்றாதே, நடக்கவிடாதே. உன் சூப்பர்வைசர் பர்ஸில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வைத்திருப்பார், அதை எடுத்து இவர் வாயில் வைக்காதே. ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்துவிடலாம். மாத்திரை கொடுக்க வேறு இடம் இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றையும் முதல் டோஸாக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலுமே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் சேர்த்து 14 மாத்திரை. உன் யார்டுக்குப் பக்கத்தில் எந்த சுகாதார நிலையம், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று இந்த வாரமே விசாரித்து வை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நமக்கு ஸ்டான்லிதான். நம் ஆயா கடைசிவரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வாள்? 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் இன்றைக்கு இதயத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடிதத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறாய். மாரடைப்பு என்பது குழாயில் அடைப்பு. ஆள் பேசுவார், பயப்படுவார், வியர்ப்பார். மற்றது மோட்டாரே நின்றுபோவது. பேச்சு மூச்சு இருக்காது. முன்னது பின்னதாக எந்த நிமிஷமும் மாறலாம். மாறினால் நெஞ்சை அழுத்த வேண்டும். மாறாதவர் நெஞ்சில் கை வைக்கக் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது? தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடு. பதில் இல்லையென்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார். 10 வினாடிக்கு மேல் பார்க்காதே. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இதயம் நின்ற ஆள் சில நேரம் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து எப்போதாவது ஒரு மூச்சு இழுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கையைப் பிடித்துத் தடுப்பார்கள். அது மூச்சில்லை. ஒழுங்காக மூச்சு விடாதவருக்கு அழுத்தம் கொடுக்கத் தொடங்கு.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவை. மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. உன் உடம்பின் பாரத்தை இறக்கி 5 சென்டிமீட்டர் அமுக்கு, 6ஐத் தாண்டாதே. நிமிஷத்துக்கு 100லிருந்து 120. ஒவ்வொரு தடவையும் மார்பு முழுசாக எழும்ப விடு. எழும்பும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வருகிறது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று. பயிற்சி இல்லாத பொதுமக்கள் வாயில் ஊதவேண்டியதில்லை, அழுத்தினாலே போதும் என்று நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வழிமுறையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "வாயோட வாய் வைக்கணுமா" என்கிற கூச்சத்துக்கும் இனி இடமில்லை. விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். கேட்டாலும் நிறுத்தாதே. எலும்பு சேரும்.

படித்துவிட்டாய் இல்லையா? இப்போது 5 சென்டிமீட்டர் என்பது உன் கைக்கு எவ்வளவு என்று சொல் பார்ப்போம். தெரியாது. வீடியோ பார்த்தாலும் தெரியாது. பயிற்சியில் ஒரு பொம்மை வைப்பார்கள். நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் செய்துகொடுத்த பொம்மையின் வாரிசுகள்தான் அவை. முட்டி போட்டு உட்கார்ந்து முதல் அழுத்து அழுத்தும்போது எல்லோருக்கும் ஒரு திடுக்கிடல் வரும்: இவ்வளவு கடினமாகவா இருக்கும்? உள்ளே ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். சரியான ஆழம் போனால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். போகாவிட்டால் வராது. வகுப்பில் கைபலம் உள்ள ஆட்கள்தான் முதலில் தோற்பார்கள்; தோளால் அழுத்தாமல் கையால் அழுத்துவார்கள், முப்பதுக்குள் முழங்கை மடங்கிவிடும். எண்ணுகிறபோது வேகம் எகிறும், மார்பு எழும்பவே நேரம் இருக்காது. ஒரு நிமிஷம் முடிவதற்குள் நெற்றி வியர்வை பொம்மை மேல் சொட்டும். அப்போதுதான் ஏன் ஆள் மாற்றச் சொல்கிறார்கள் என்று உடம்புக்குப் புரியும். இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறேன். கண் கற்றது அவசரத்தில் மறந்துபோகும், கை கற்றது நிற்கும்.

"நான் என்ன டாக்டரா" என்று கேட்டாயே, அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று 1960இல் உலகத்துக்குச் சொன்ன கட்டுரை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்தது. எழுதிய மூவரில் மூத்தவர் வில்லியம் கவன்ஹோவன். அவர் மின் பொறியாளர். மின்கம்பத்தில் ஷாக் அடித்து லைன்மேன்கள் சாகிறார்களே, நின்ற இதயத்தை எப்படி மறுபடி ஓடவைப்பது என்று ஆராயத்தான் அவர் இந்த வேலைக்குள் வந்தார். இன்னொருவர் கை நிக்கர்பாக்கர், பொறியியல் மாணவர். நாயின் மார்பில் மின்தகட்டை அழுத்தி வைத்தபோதே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தவர் அவர்தான். மூன்றாமவர் ஜேம்ஸ் ஜூட், அறுவை மருத்துவர். மூன்று பேரில் இரண்டு பேர் பொறியியல் பக்கத்து ஆட்கள். தொழிலாளி சாகக் கூடாது என்று பிறந்த வித்தை இது, தம்பி. அதைக் கற்க நீ டாக்டராக வேண்டியதில்லை.

அடுத்து சர்க்கரை. இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் உன் கேட்டுக்கு வெளியே தினமும் நடக்கக்கூடியது. லாரி ஓட்டுநர் ஒருவர். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டார், அல்லது மாத்திரை போட்டுக்கொண்டார். வரிசையில் வண்டி நகரவில்லை. இறங்கிச் சாப்பிடப் போனால் இடம் போய்விடும். மத்தியானம் ஆகிவிட்டது. கை நடுங்குகிறது, வியர்வை ஊற்றுகிறது, பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், கோபப்படுகிறார். கூட்டம் என்ன சொல்லும்? "தண்ணி போட்டிருக்கான், ஓரமா உட்காரவை." உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். தாழ்சர்க்கரையில் மயங்கிக் கிடப்பார்.

பேச்சு குழறுகிறவனை முகர்ந்து பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. சட்டைப் பையில் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. டீக்கடையில் தூக்கலாகச் சர்க்கரை போட்ட டீ கிடைத்தாலும் சரிதான், சூடு ஆறினபின். 15 நிமிஷம் பார். தெளிந்தால் அதோடு விடாமல் சாப்பாடு வாங்கிக் கொடு. தெளியவில்லையென்றால் மறுபடி சர்க்கரை, கூடவே 108. "சுகர்காரனுக்குச் சர்க்கரையா, கூடிப்போய்ட்டா?" என்று நீ கேட்கப்போவது எனக்குக் கேட்கிறது. ஏற்கனவே கூடுதலாக இருக்கிறவருக்கு இந்த மூன்று ஸ்பூன் பெரிய கெடுதல் செய்துவிடாது. குறைந்துபோயிருக்கிறவருக்கு அதுதான் உயிர். ஆனால் நினைவு இல்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே. நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடு. மயங்கினவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் பாசத்தின் முதல் அடையாளம். அதை நீ நிறுத்தினால் நாலு பேர் உன்னைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்.

வலிப்புக்கு இரும்புச் சாவி கொடுக்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதே, நேரம் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். அதற்குள் யாராவது கையில் சாவியைத் திணித்திருப்பார்கள். நின்றதும் சாவிதான் நிறுத்தியது என்று ஊரே நம்பிவிடுகிறது. நீ நேரத்தைப் பார்த்துக்கொண்டு, தலைக்கு அடியில் சட்டையை மடித்து வைத்து, பக்கத்தில் இருக்கிற இரும்பையெல்லாம் நகர்த்து. கைகாலை அமுக்கிப் பிடிக்காதே. பல்லுக்கு நடுவில் ஸ்பூனோ துணியோ வைக்காதே. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவை. 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவை என்றாலோ 108. தங்கச்சி நிறைமாசமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கர்ப்பிணிக்கு வருகிற வலிப்பு ரத்த அழுத்தம் ஏறியதால் வரக்கூடியது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அவளுக்குத் தலை பிளக்கிற மாதிரி வலித்தாலோ, கண் மங்கினாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, "காலையில் பார்க்கலாம்" என்று இருந்துவிடாமல் ராத்திரியோடு ராத்திரியாக ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ.

பக்கவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கச் சொல், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒன்று இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று விசாரித்துக் குறித்துக்கொள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; ஸ்கேன் பார்க்கிற நேரமும் அதற்குள் அடக்கம். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஒரு பெரியவர் வருவார். அவர் எண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடு. ஆஸ்பிரின் கொடுக்கிறேன் என்று கிளம்பாதே. உள்ளே அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும்.

இப்போது நம் ஊருக்கே உரியது ஒன்று. காசிமேட்டில் விசைப்படகுகளின் மீன் அறையைப் பார்த்திருக்கிறாய். ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் கழிவும் மூடின அறையில் அழுகிக் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கழிவுநீர்த் தொட்டியிலும் அதே வாயுதான். முதலில் அழுகின முட்டை வாடை அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று இறங்குகிறவன் அங்கேயே சரிந்துவிடுவான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவான். பிறகு மூன்றாவது ஆள். தொட்டிச் சாவுகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிற செய்தியை ஏன் படிக்கிறோம் என்று இப்போது புரிகிறதா? இரண்டாவதாக இறங்கினவனுக்குக் காரணம் பாசம் மட்டும்தான்.

உன் யார்டில் தொட்டி இல்லையே என்காதே. பூச்சி மருந்துப் புகை போட்ட இறக்குமதி கன்டெய்னர் வருகிறதே? மெத்தில் புரோமைடுக்கு வாடையே கிடையாது. கதவைத் திறந்ததும் சரக்கு இறக்கப் பையன்களை உள்ளே ஏற்றாதே. எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படி, காற்றோட விடு, அளந்து பார்க்கிற ஆள் வந்து சொல்லட்டும். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் நீ ஓடி உள்ளே போவாய் என்று எனக்குத் தெரியும். போகக் கூடாது. தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் உள்ளே போகாமல் தடுத்து நிறுத்துவதுதான் அந்த நேரத்தில் நீ செய்யக்கூடிய பெரிய காரியம். கல்நெஞ்சக்காரன் என்று சொன்னாலும் பரவாயில்லை.

அமோனியா நாள் உனக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்கு முன்னால், எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. வாயு எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் முன்னால் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. காற்று அடிக்கிற திசையோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். அதற்குக் குறுக்காகப் போகவேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்துவது ஓரளவு காக்கும். கண் எரிந்தால் கசக்காமல் 15 நிமிஷமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். குப்பத்துச் சங்கத்தில் உனக்கு ஆள் இருக்கிறார்களே, ஒரு சாயங்காலம் போய் இதைச் சொல்லிவிட்டு வா.

கடலில் மூழ்கி எடுத்த பையனைத் தோளில் போட்டுச் சுற்றாதே, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதே. தண்ணீரோடு சோறும் வெளியே வந்து மூச்சுக்குழலை அடைக்கும். இவனுக்கு மட்டும் கணக்கு வேறு: காற்று இல்லாமல்தான் இதயம் நின்றிருக்கிறது, அதனால் முதலில் வாயில் ஊதி மூச்சு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. அதை எப்படி ஊதுவது என்று பயிற்சியில் வற்புறுத்திக் கேட்டுக் கற்றுக்கொள். கடற்கரையில் குடியிருக்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் தொண்டையில் மீன்முள் குத்துவதும் மூச்சு அடைப்பதும் வேறு. முள் குத்தினவர் பேசுவார். சோற்று உருண்டையை விழுங்கவைத்து முள்ளை ஆழத்தில் இறக்காமல் டாக்டரிடம் அனுப்பு. இருமவும் முடியாமல் பேசவும் முடியாமல் கழுத்தைப் பிடிக்கிறவருக்கு, குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இதையும் செய்துபார்த்துவிட்டு வா.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தைக் கடிதத்தின் கடைசியில் ஒரு ஓரமாக எழுதியிருக்கிறாய். அதுதான் உன் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். சாலையில் அடிபட்டவரைக் காப்பாற்றுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சொல்லிவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மேல் வழக்கு இல்லை. பெயரைச் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. செலவு யார் கொடுப்பது என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் இடித்துக் கிடக்கிறவரைச் சுற்றி நின்று வீடியோ எடுக்கிற கூட்டத்தில் உன்னைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடி. கழுத்தை ஆட்டாதே. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதே.

யார்டு முதலாளி ஏதோ தர்மம் செய்கிற மாதிரி இந்தப் பயிற்சியை வைக்கிறார் என்று எண்ணிக் கூச்சப்படாதே. தொழிற்சாலை என்றால் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பொறுப்பாகப் பயிற்சி பெற்ற ஆள் என்று 1948 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். போய் அந்தப் பெட்டியையும் திறந்து பார். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேள். உள்ளே காய்ந்துபோன மருந்தும் காலாவதியான களிம்பும் இருந்தால் உன் சேஃப்டி ஆபீசரிடம் எழுத்தில் கொடு; வாயால் சொன்னால் மறந்துவிடுவார்.

அப்பாவின் மாத்திரைகள் என்னென்ன என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, "பிபிக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு" என்பாய். தலைசுற்றல் இல்லையே என்று அவர் பிபி மாத்திரையை அவ்வப்போது நிறுத்திவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். பிபி ஏறுவது தெரியாது, அது பண்ணிவைப்பதுதான் தெரியும் என்று அவரிடம் நீதான் சொல்லவேண்டும். நான் சொன்னால் நர்ஸம்மா வந்துட்டா என்பார். மருந்துச் சீட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து உன் போனிலும் அம்மா போனிலும் வை. அதில் இன்சுலின் இருக்கிறதா, எந்த நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தார், எவ்வளவு இருந்தது என்று எனக்கு எழுது. பயிற்சிக்குத் தொளதொளவென்று பேன்ட் போட்டுக்கொண்டு போ, முட்டி போட வேண்டியிருக்கும்.

உன் அக்கா